மூன்று என்று காட்டிய கம்ப்யூட்டர்

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தின் டிசைன் பிரிவில் ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த தோழியோடு சேர்ந்து வெளியே வந்திருந்தேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். நாரணாபுரத்தில் என் அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்கள். பெட்டிக்குள் போவதை அவர்கள் செய்தார்கள்; பெட்டிக்கு மேல் ஒட்டுவதை நான் செய்ய வந்தேன். தோழி மல்லாங்கிணற்றுக்காரி. சிவகாசியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். வண்ணத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் நான் நிற்க முடியாது. எழுத்தை இடம் பார்த்து உட்கார வைப்பதில் அவள் என்னிடம் யோசனை கேட்பாள். இருவரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

ஒரு கடைக்கு மேலே, சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தோம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மேசை விசிறி. கம்ப்யூட்டர் மட்டும் நல்லதாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தோம். அச்சகத்தில் இருந்தவை பழைய மெஷின்கள். திரையில் ஒரு ரோஜாப்பூப் படத்தைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு நாங்கள் டீ குடித்துவிட்டு வந்தால், அப்போதுதான் அது திரும்பிக்கொண்டிருக்கும். "வாங்குனா மூணு கிகா. அதுக்குக் கீள வேண்டாம்" என்று தோழி சொல்லிவிட்டாள். பிராசசரின் வேகத்தைத்தான் அப்படிச் சொல்வோம். மூன்று கிகாஹெர்ட்ஸ் என்றால் அந்த வருஷத்தில் எங்கள் ஊரில் பெரிய பேச்சு.

எங்கே வாங்குவது என்ற கேள்வியே எழவில்லை. அக்காவைக் கட்டிய அத்தான் விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். பாகங்களை வாங்கி, தானே பூட்டி, கடைகளுக்கும் ஸ்டுடியோக்களுக்கும் கொடுப்பார். கடையை விட முக்கியமான காரணம் ஒன்று எனக்கு இருந்தது. அச்சக வேலையை விடப்போகிறேன் என்றதும் வீட்டில் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அத்தான்தான் வந்து உட்கார்ந்து, "அவ கையில தொளில் இருக்கு மாமா. விட்டுப் பாருங்க. ஏதும்னா நான் இருக்கேன்ல" என்றார். அப்பா அதற்குப் பிறகுதான் தலையாட்டினார். எங்கள் வீட்டில் எனக்காக அப்படி யாரும் பேசியதில்லை.

அவரே ஒரு வேனில் மெஷினைக் கொண்டுவந்து இறக்கி மேசையில் வைத்தார். தோழி அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அத்தான் பட்டனை அமுக்கியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

"என்ன போட்டிருக்கு, வாசி" என்றார்.

"மூணு" என்றேன்.

"கேட்டது மூணு. குடுத்தது மூணு. பில்லுலயும் மூணுன்னு எளுதியிருக்கேன், பாத்துக்க."

தோழி கை தட்டினாள். ரோஜாப்பூவை அன்றைக்கு இருபது தடவையாவது திருப்பியிருப்போம். சொன்ன உடனே திரும்பியது.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் தொல்லை தொடங்கியது. ஒரு மதியம் சங்குசக்கரப் பெட்டிக்கு லேபிள் செய்துகொண்டிருந்தபோது மவுஸ் அப்படியே நின்றது. நிறுத்திப் போட்டோம். அரை மணி நேரத்தில் திரை முழுக்க நீலமாகி வெள்ளை எழுத்துகள் வந்தன. மறுநாள் காலையில் ஒழுங்காக ஓடியது. மதியம் மறுபடி நின்றது. பிறகு தினமும் இதே கதை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேமித்துக்கொண்டே வேலை பார்க்கப் பழகினோம்.

அத்தானுக்குப் போன் செய்தேன். "மெமரி கார்டைக் களத்தி, ரப்பர் வச்சுத் தேச்சு மாட்டு" என்றார். பென்சில் ரப்பரால் அதன் தங்க நிற விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து மாட்டினோம். நிற்பது நிற்கவில்லை. "உங்க ஏரியாவுல கரண்டு சரியில்ல" என்றார். யு.பி.எஸ். வாங்கி வைத்தோம். பிறகு அவரே வந்து எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்தார். இரண்டு நாள் ஓடியது. அந்த இரண்டு நாளும் மழை மேகம் கட்டி ஊரே குளிர்ந்து கிடந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எம். புதுப்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனிக்காரர் எங்களை நம்பி அந்த சீசனுக்கான எல்லா லேபிளையும் கொடுத்திருந்தார். முதலில் புஸ்வாணப் பெட்டி. குழந்தை ஒன்று பூக்கூடையோடு சிரிக்கிற படம். தோழி அந்தக் குழந்தையின் கன்னத்து நிறத்துக்கே ஒரு நாள் செலவழித்தாள். அவர் பார்க்க வந்த அன்று கோப்பைத் திறந்தேன். குழந்தையின் நெற்றி வரைக்கும்தான் இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டைகள். முந்தின நாள் சேமித்ததைத் திறந்தேன். அது திறக்கவே இல்லை.

"என்னம்மா, புள்ள மூஞ்சியக் காணோம்?" என்றார் அவர்.

இரண்டு நாள் அவகாசம் கேட்டோம். கொடுத்தார். மறுபடி செய்து முடித்த கோப்பும் கெட்டுப்போனது. மூன்றாவது தடவை அவர் வரவில்லை. வேறு இடத்தில் கொடுத்துவிட்டதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை அத்தான் வந்தார். மெஷினைத் திறந்து பார்த்தார், மூடினார். தோழி கீழே டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் என்னைப் பார்த்து, "வெளி சி.டி. யாரு போடுறா இதுல?" என்று கேட்டார்.

"அவதான். ஸ்டுடியோவுல பூப்படம், பறவைப் படம் வாங்கிட்டு வருவா. அது இல்லாம எப்படி வேல பாக்க?"

"அதான. நான் எம்புட்டு சுத்தம் பண்ணிக் குடுத்தாலும் திரும்பத் திரும்ப வைரஸ் வருதேன்னு பாத்தேன். நான் சொன்னேன்னு சொல்லாத. ஆனா அந்தப் பிள்ள கைய மெஷின்ல வைக்க விடாத."

நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தோழியிடம் இனி வெளி சி.டி. எதுவும் போடக் கூடாது என்றேன். "சரி, போடல" என்றாள். நாலாம் நாள் மதியம் மெஷின் மறுபடி நின்றது. அவள் பை நாற்காலியில் கிடந்தது. வாய் திறந்திருந்த பைக்குள் ஒரு சி.டி. தெரிந்தது.

"இது என்ன?"

"பாட்டு சி.டி. சித்தி மகளுக்கு வாங்கினேன். இங்கன போடல."

"போடாம எப்படி நிக்கிது?"

"எனக்கென்ன தெரியும்? சத்தியமா போடல பிள்ள."

எனக்குள் அந்தப் பாதிக் குழந்தையின் படம் எரிந்துகொண்டிருந்தது. கைவிட்டுப் போன ஆர்டர், அப்பாவிடம் என்ன சொல்வது என்ற பயம், சேமிப்பு முழுவதையும் கொட்டிய ஆத்திரம், எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தன. "நீ இருக்கிற வரைக்கும் இது சரியாகாது" என்றேன்.

அவள் என்னைச் சண்டைக்கு இழுக்கவில்லை. தூக்குவாளியை எடுத்தாள், பையை எடுத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். நான்கு நாள் கழித்து அவள் சித்தியைக் கடைத்தெருவில் பார்த்தபோது, ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் நான் தனியாக வேலை பார்த்தேன். சி.டி. போடும் தட்டை வெளியே இழுக்கக்கூட இல்லை. திங்கட்கிழமை மதியம் ஒன்றரைக்கு மெஷின் நின்றது. செவ்வாய்க்கிழமை ஒன்றே காலுக்கு. புதன்கிழமை நின்றபோது நான் பட்டனை அமுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அந்த நின்றுபோன திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் இங்கே இல்லை. அவள் கை இதன் மேல் படவில்லை. ஆனாலும் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காகத் தேடத் தொடங்கினேன். ஒரு நோட்டில் எத்தனை மணிக்கு நிற்கிறது, என்ன செய்யும்போது நிற்கிறது என்று எழுதி வைத்தேன். காலையில் நிற்பதே இல்லை. பெரிய படத்தைத் திருப்பினால் சீக்கிரம் நிற்கிறது. எழுத்து மட்டும் அடித்தால் தாங்குகிறது. பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதன் வாய்க்கு நேராக வைத்தேன். அன்றைக்கு மூன்று மணி வரைக்கும் ஓடியது. சூடுதான். ஆனால் சூடு எல்லாருக்கும்தானே? அதே தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில், இதே மாதிரி ஷீட்டுக்குக் கீழே, ஒரு பழைய மெஷின் பகல் முழுக்க நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபோது அத்தான், "இது வேகமான மெஷினும்மா. ஏ.சி. வேணும் இதுக்கு" என்றார்.

பிரவுசிங் சென்டருக்குப் போனேன். தெரிந்த ஆங்கிலத்தில், மெஷின் செய்கிற சேட்டைகளை ஒவ்வொன்றாக அடித்துத் தேடினேன். எந்தெந்த நாட்டிலோ இருக்கிற பையன்கள் எழுதி வைத்திருந்த பக்கங்கள் வந்தன. சூடானால் நிற்கிறது, நீலத் திரை வருகிறது, கோப்பு கெட்டுப்போகிறது. அப்படியே என் நோட்டைப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. அவர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ஓவர்கிளாக். பிராசசரை, அது செய்யப்பட்ட வேகத்துக்கு மேல் விரட்டி ஓட்டுவது. பந்தயம் மாதிரி அதைச் செய்தார்கள். நின்றுபோனால் சிரித்துக்கொண்டு கொஞ்சம் குறைத்தார்கள். அவர்களுடைய மெஷின், தெரிந்தே செய்கிறார்கள், அதனால் அது விளையாட்டு. எங்கே பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். அதைத் தாளில் குறித்துக்கொண்டு அறைக்கு வந்தேன்.

மெஷினைப் போட்டவுடன் டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நீலப் பட்டியல் வரும். அதில் இரண்டாவது பக்கத்தில் இரண்டு எண்கள் இருந்தன. பதினெட்டு, நூற்று அறுபத்தாறு. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வேகம் என்று படித்திருந்தேன். நோட்டில் பெருக்கினேன். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. மூணு கிகா. ஆனால் பதினெட்டு என்பது பிராசசரோடு வருவது, மாற்ற முடியாது. இரண்டாவது எண்ணைத்தான் கையால் ஏற்றலாம். அது இயல்பாக நூற்று முப்பத்து மூன்றில் இருக்க வேண்டியது. கீழே மின்னழுத்தமும் ஏற்றப்பட்டிருந்தது. தானாக ஏறாது. யாரோ இந்தப் பக்கத்துக்கு வந்து, உட்கார்ந்து, எண்ணை மாற்றி, சேமித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

நான் அதை நூற்று முப்பத்து மூன்று ஆக்கினேன். மின்னழுத்தத்தையும் பழையபடி விட்டேன். மெஷின் திரும்ப எழுந்தபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. 2.40.

மறுநாள் கத்திரி வெயில். கதவை மூடினேன். விசிறியை எனக்குத் திருப்பிக்கொண்டேன். இருந்ததிலேயே பெரிய படங்களைத் திறந்து, பதினொரு மணியிலிருந்து நாலரை மணி வரை திருப்பினேன், நிறம் மாற்றினேன், சேமித்தேன், திறந்தேன். ஒரு தடவை கூட நிற்கவில்லை. ஒரு கோப்பு கூடக் கெடவில்லை. அது நிற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன் என்பது நாலு மணிக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஒரே ஒரு தடவை நின்றிருந்தால் அத்தான் மேல் சந்தேகப்பட்டதற்கு என்னை நானே திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கடைசியாக ஒன்று மீதி இருந்தது. மெஷினை நிறுத்தி, ஆறவிட்டு, பிராசசர் மேல் இருந்த சின்ன விசிறியையும் அலுமினியக் கட்டையையும் கழற்றினேன். சூட்டைக் கடத்துவதற்கான வெள்ளைப் பசை அப்பியிருந்தது. துணியால் துடைத்தேன். பசைக்குக் கீழே, உலோகத்தில் பொறித்த எழுத்து தெளிவாக இருந்தது. 2.40. அதை மூடித்தான் பசை தடவியிருந்தார். அதன் மேல்தான் நாங்கள் சந்தனம் வைத்தோம்.

அடுத்த நாள் பதினொரு மணி பஸ்ஸில் விருதுநகர் போனேன். கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அக்கா மதியச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். "வாம்மா, என்ன திடீர்னு? சாப்பிட்டியா?" என்றார் அத்தான்.

பிராசசரைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். மேசையில் வைத்துப் பிரித்தேன். அவர் அதைக் குனிந்து பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையில்லை என்பது மாதிரி இருந்தார்.

"இதையெல்லாம் நீ எதுக்குக் களத்துன? வாரண்டி போயிரும்" என்றார்.

"இது ரெண்டு நாலுன்னு போட்டிருக்கு அத்தான்."

"ஓட்டும்போது மூணு காட்டுச்சா இல்லையா?"

"காட்டுச்சு. ஓடலயே."

"நல்ல ஃபேன் போட்டா ஓடும். ஊரு பூரா இப்படித்தான் போடுறாங்க. உனக்குத் தொளில் தெரியாது."

"நீங்க பில்லுல மூணுன்னு எளுதி, மூணுக்கு உண்டான காசும் வாங்குனீக."

அவர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். எனக்கு மெஷின் விஷயம் அங்கேயே முடிந்துபோனது. நான் கேட்க வந்தது வேறு.

"நின்னா எதுனால நிக்கிதுன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான அவமேல சொன்னீக? அவளை நான் வெளிய அனுப்பிட்டேன் அத்தான்."

"நான் அனுப்பச் சொன்னேனா? சி.டி. போட விடாதன்னுதான் சொன்னேன். அது உங்க ரெண்டு பேரு சமாச்சாரம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பெட்டிகள் அடுக்கியிருந்த சின்ன இடம். "சத்தம் போடாத. பக்கத்துக் கடையில கேக்கும்" என்றாள்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

அவள் என் கையை விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாருக்கும் செய்றதத்தான உனக்கும் செஞ்சாக. வேணும்னு உனக்கு மட்டுமா செஞ்சாக?" என்றாள். பிறகு, "அப்பாகிட்ட சொல்லிராத பிள்ள. நான் இங்கன இருக்க வேண்டாமா?" என்று அழுதாள்.

அவள் சமாதானத்துக்குத்தான் அப்படிச் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. எல்லாரும் போல நானும் ஒருத்தி. எனக்காக அப்பாவிடம் வந்து பேசியவரும், பசை தடவி எண்ணை மறைத்தவரும் ஒரே ஆள். அக்கா இரண்டையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த மெஷினுக்கு நாங்கள் பொட்டு வைத்ததை நான் பெருமையாகப் போனில் சொன்னபோதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவிடம் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. அக்கா கேட்டாள் என்பதற்காக மட்டுமில்லை. சொன்னால் அப்பா முதலில் கேட்கக்கூடியது, அச்சகத்தில் ஒழுங்காக இருந்திருக்கலாமே என்பதுதான்.

பிராசசரைத் திரும்பச் சுற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தேன். சிவகாசி பஸ் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறாமல் மல்லாங்கிணறு பஸ்ஸில் ஏறினேன்.

தோழி வீட்டு வாசலில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. அவள் சேலை முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, சோடை வத்தலைப் பொறுக்கித் தனியே போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வா" என்றாள். அவள் அம்மாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். எண்களைச் சொன்னேன், பசையைச் சொன்னேன், அத்தான் சொன்னதைச் சொன்னேன். "வைரஸே இல்ல. சி.டி.யே இல்ல. நீ ஒண்ணும் பண்ணல" என்றேன்.

"நான் பண்ணலைன்னு எனக்குத் தெரியுமே" என்றாள்.

"அத்தான் பொய் சொல்லுவாகன்னு நான் நெனைக்கல."

"அவுக சொன்னாக, நீ நம்புன. நான் சத்தியம் பண்ணேன், நீ நம்பல. அம்புட்டுத்தான." குரலில் கோபமே இல்லை. வத்தல் காரத்தில் இருவருக்கும் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்ததால் அழுதது யார் என்று சொல்ல முடியாது. "உங்க அத்தான் உன்னை ஏமாத்துனாக. என்னை அவுக ஏமாத்தல" என்றாள்.

வரும்படி கூப்பிட்டேன். "பாக்கலாம்" என்றாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் வந்ததும், "அந்தப் புஸ்வாணப் பிள்ள படத்தை மறுபடி போட்டுப் பாரு. கன்னத்துக்கு மஞ்சள் கொஞ்சம் கூடுதலா வை" என்றாள். வரவில்லை. ஆறு மாதம் கழித்து விருதுநகரில் ஓர் அச்சகத்தில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நான் அதே அறையில், அதே மெஷினோடு, 2.40 வேகத்திலேயே வேலை பார்த்தேன். பிறகு நான்கு வருஷம் ஓடியது. ஒரு நாள் கூட நிற்கவில்லை. ரோஜாப்பூ திரும்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். முதல் நாளே இரண்டு நாலு என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

இதெல்லாம் நடந்த அந்த வருஷம் ஆவணியில் அத்தான் படியேறி வந்தார். கையில் சீல் உடைக்காத ஒரு பெட்டி. "ஒரிஜினல் மூணு. உங்கக்கா நச்சரிச்சுட்டா. இப்பவே மாட்டித் தந்துர்றேன்" என்று மேசையில் வைத்தார்.

"இது வேண்டாம் அத்தான். மல்லாங்கிணத்துக்கு ஒரு எட்டுப் போயி, அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்றேன். அப்போது அவள் ஊரில்தான் இருந்தாள்.

"அந்தப் பிள்ளகிட்ட நான் போயி என்னத்தம்மா சொல்ல?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் மல்லாங்கிணற்றுக்குப் போகவில்லை.

அக்கா வீட்டுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. நல்லது கெட்டதுக்குப் போவேன். அத்தான் எதிரே வந்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். ஆச்சு என்பேன். பிறகு அவர் டி.வி.யைப் பார்ப்பார், நான் அக்கா இருக்கும் அடுப்படிக்குப் போய்விடுவேன்.